6,000 தோட்டா சுட்டும் சிக்காத துப்பாக்கி! ஆயுத மேதை பிரவுனிங்கின் வாழ்க்கை

கைத்துப்பாக்கி ஏந்திய போர்வீரனுக்கு எதிரியைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. விசையை இழுக்கும்போது துப்பாக்கி வெடிக்காமல் போய்விட்டால்? முதல் குண்டு பாய்ந்த பிறகு அடுத்த தோட்டா குறுக்கே சிக்கிக்கொண்டால்?

தறியில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போடலாம். தையல் மெஷினில் நூல் சிக்கினால் பிரித்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டலாம். சண்டைக்களத்தில் துப்பாக்கி மக்கர் செய்தால் அதைப் பழுது பார்க்க நேரம் கிடையாது. எதிரி காத்திருக்க மாட்டான்.

இந்தப் பயத்தைப் பெருமளவுக்குப் போக்கிக் காட்டியவர் ஜான் மோசஸ் பிரவுனிங். அமெரிக்கர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். அப்பாவின் பட்டறையில் ராவிக் கற்றுக்கொண்ட தொழிலை வைத்துக்கொண்டு 128 பேடண்டுகளைப் பெற்றவர். இன்று உலகில் புழங்கும் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அவர் கண்ட அமைப்பையே ஏதோ ஒரு விதத்தில் பின்பற்றுகின்றன.

அவர் வாழ்க்கை விசித்திரமானது. சாந்தமான மனிதர்; கையாண்டதோ கொல்லும் கருவி.

பழைய இரும்புக் குவியல்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், யூட்டா பிரதேசத்தில் ஆக்டன் என்ற ஊர். அங்கே 1855 ஜனவரியில் பிரவுனிங் பிறந்தார்.

தந்தை ஜோனதன் பிரவுனிங் துப்பாக்கிக் கொல்லர். மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்து, அந்தச் சமயத்தாரோடு இல்லினாய் மாநிலத்திலிருந்து மேற்கே குடிபெயர்ந்து, 1852-இல் ஆக்டனில் பட்டறை போட்டவர். அவருக்கு மூன்று மனைவியர், 22 பிள்ளைகள். கூட்டம் பெரிது, வருமானம் சிறிது.

பட்டறையின் மூலையில் பழைய இரும்பு குவிந்து கிடக்கும். உடைந்த குழல், தேய்ந்த திருகு, பயனற்ற ஸ்பிரிங். சிறுவன் ஜானுக்கு அதுதான் விளையாட்டுச் சாமான். ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து, இது எந்தத் துப்பாக்கியில் இருந்தது, அங்கே என்ன வேலை செய்தது, ஏன் உடைந்தது என்று பார்ப்பான். ஊரார் பழுது பார்க்கக் கொண்டு வரும் துப்பாக்கிகளை அவிழ்த்துப் பார்ப்பான்.

ஏறத்தாழ பத்து வயதில், அந்தக் குவியலிலிருந்து எடுத்த குழலை ஒரு கட்டையில் கம்பியால் கட்டித் தானே ஒரு துப்பாக்கி செய்தான். தம்பி மாத்யூவை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுக்கோழியும் அடித்து வந்துவிட்டான். தந்தை கறியைத் தின்றார். துப்பாக்கியின் வேலைப்பாட்டைப் பாராட்டவில்லை. இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்பது அவருடைய தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பைப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பிறர் துப்பாக்கியைப் பழுது பார்த்து வளர்ந்ததில் பிரவுனிங்குக்கு ஒரு பெரும் இலாபம் கிடைத்தது. ஒரு கருவி எப்படி வேலை செய்யும் என்பதை எல்லாரும் கற்கிறார்கள். எங்கே வேலை செய்யாமல் போகும் என்பதை அவர் முதலில் கற்றார்.

8,000 டாலர்

1879-இல் தந்தை இறந்தார். குடும்பப் பொறுப்பு ஜான் தலையில் விழுந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அவருக்குத் திருமணமும் நடந்தது. அக்டோபரில் முதல் பேடண்டும் கிடைத்தது. ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடும் உறுதியான ரைபிள் அது.

தம்பிமார்களைச் சேர்த்துக்கொண்டு ஆக்டனில் சிறிய தொழிற்சாலை தொடங்கினார். பழைய இயந்திரங்கள், குறைந்த முதல். கையால் ராவி ராவித் துப்பாக்கிகள் செய்தார்கள்.

அவற்றில் ஒன்று வின்செஸ்டர் கம்பெனியின் விற்பனையாளர் ஒருவர் கண்ணில் பட்டது. வின்செஸ்டர் அன்று அமெரிக்காவின் மிகப் பெரிய துப்பாக்கிக் கம்பெனிகளில் ஒன்று. அதன் அதிகாரி டி.ஜி. பென்னெட் 1883-இல் நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்து ரயிலேறி ஆக்டனுக்கே வந்துவிட்டார். இருபத்தெட்டு வயது பட்டறைக்காரரைக் கண்டார். 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டு அன்றே திரும்பினார்.

அதன் பிறகு சுமார் 19 ஆண்டுகள் பிரவுனிங்கும் வின்செஸ்டரும் கூட்டு. அவர் தந்த 44 மாதிரிகளைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அவற்றில் தயாரித்து விற்றது சுமார் பத்துதான். மற்றவை பெட்டிக்குள் தூங்கின. வேறு கம்பெனியின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே அவற்றை வாங்கி வைத்தார்கள்!

பிரவுனிங் பெரிய வரைபடம் எதுவும் போடுவதில்லை. மனத்துக்குள்ளேயே பாகங்களை ஓட்டிப் பார்ப்பார். அட்டையிலோ தகட்டிலோ உருவம் வெட்டுவார். தம்பி எட் மெஷினில் நின்று அதை இரும்பில் கடைந்து கொடுப்பார். அடுத்து இருவரும் சுட்டுப் பார்ப்பார்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே மறுபடி அரம் ஓடும்.

புல் சாய்ந்தது, புத்தி நிமிர்ந்தது!

1889-ஆம் ஆண்டு. ஆக்டனில் நண்பர்களோடு குறி பார்த்துச் சுடும் பழக்கம் பிரவுனிங்குக்கு உண்டு. ஒரு நாள் வேறொருவர் சுட, இவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி வாய்க்கு முன்னால் இருந்த புல் பூண்டுகள் படபடவென்று சாய்ந்தன.

அதுவரை எல்லாரும் பார்த்த காட்சிதான். பிரவுனிங் மட்டும் வேறு கணக்குப் போட்டார். புல்லைச் சாய்க்கும் இந்தப் புகையின் வேகம் வீணாகப் போகிறதே, இதைக் கொண்டே துப்பாக்கி தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளச் செய்தால் என்ன?

உடனே பட்டறைக்குப் போனார். துப்பாக்கி வாய்க்கு முன்னால் துளையிட்ட இரும்புத் துண்டை வைத்துச் சுட்டார். குண்டு துளை வழியே போனது. புகை மோதிய வேகத்தில் இரும்புத் துண்டு எகிறிப் பறந்தது. அந்த வேகத்தை ஒரு நெம்புகோலில் கட்டி, பழைய ரைபிள் ஒன்றைத் தானே இயங்க வைத்தார். இந்த வழியில் பிறந்த இயந்திரத் துப்பாக்கியைக் கோல்ட் கம்பெனி 1895-இல் வெளியிட்டது.

ஹைராம் மாக்சிம் என்பவர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே துப்பாக்கியின் பின்னுதைப்பைப் பயன்படுத்தி இயந்திரத் துப்பாக்கி செய்திருந்தார். ஆனால் அவை வண்டியிலோ தாங்கியிலோ வைத்துச் சுடும் பெரிய உருப்படிகள். இதே தத்துவத்தை உள்ளங்கைக்குள் அடக்க முடியுமா என்பதே அடுத்த கேள்வி.

எங்கெல்லாம் சிக்கும்?

அன்று எல்லார் இடுப்பிலும் இருந்தது ரிவால்வர். அதில் தோட்டாக்கள் ஓர் உருளையில் வட்டமாக அமர்ந்திருக்கும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். நம்பகமான கருவி. ஆனால் ஐந்தாறு தோட்டாதான் கொள்ளும். மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும்.

தானியங்கிக் கைத்துப்பாக்கியின் கதை வேறு. குண்டு பாய்ந்ததும் அதன் உதைப்பில் மேற்கூடு பின்னால் ஓட வேண்டும். ஓடும்போதே ஒரு கொக்கி காலித் தோட்டாவைக் குழலிலிருந்து இழுக்க வேண்டும். ஒரு முட்டு அதைத் தட்டி வெளியே எறிய வேண்டும். பிறகு ஸ்பிரிங் மேற்கூட்டை முன்னால் தள்ள வேண்டும். கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா மேலே எழும்பி, நேராக நிமிர்ந்து, குழலுக்குள் நுழைய வேண்டும். பின்கதவு இறுக மூட வேண்டும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள்!

இதில் எந்த இடத்தில் தவறினாலும் துப்பாக்கி வெறும் இரும்புக் கட்டி.

கொக்கி வழுக்கினால் காலித் தோட்டா உள்ளேயே தங்கிவிடும். அதன் முதுகில் புதிய தோட்டா வந்து முட்டும். எறியும் வேகம் குறைந்தால் காலித் தோட்டா மேற்கூட்டின் வாயில் புகைபோக்கி போல நட்டுக்கொண்டு நிற்கும். மேகசினின் உதடு சற்று வளைந்திருந்தாலும் தோட்டா மூக்கைக் கீழே குத்திக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தால் கதவு முழுதாக மூடாது. மருந்து பலவீனமாக இருந்தால் மேற்கூடு பாதி வழியிலேயே நின்றுவிடும். மண், துரு, எண்ணெய் வறட்சி எல்லாம் தனித்தனி வியாதிகள். பிடித்திருப்பவர் மணிக்கட்டைத் தளர்த்தினால்கூட உதைப்பு கையோடு போய், மேற்கூட்டுக்குப் போதிய வேகம் கிடைக்காது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பலமான தோட்டாவாக இருந்தால், குண்டு குழலை விட்டு வெளியேறும் வரை பின்கதவு திறக்கவே கூடாது. முன்கூட்டியே திறந்தால் வெடியின் வேகம் சுடுபவர் பக்கமே திரும்பும்.

ஜெர்மனியில் போர்ச்சார்ட் என்பவர் 1893-இல் செய்த தானியங்கிக் கைத்துப்பாக்கி நன்றாகவே சுட்டது. ஆனால் பருமனும் கனமும் அதிகம். பிரவுனிங் சுருக்கமான வழியைக் கண்டார். குழலை முழுவதும் மூடும் ஒரே மேற்கூடு. குழலின் முதுகில் சில வரம்புகள். மேற்கூட்டின் உட்புறம் அவற்றுக்குப் பொருந்தும் பள்ளங்கள். சுடும்போது இரண்டும் கோத்துக்கொண்டு சேர்ந்தே பின்னால் நகரும். குண்டு போனதும் குழல் சற்றே கீழே இறங்கிப் பிடியை விடும். மேற்கூடு மட்டும் மேலும் பின்னால் ஓடும்.

பாகங்கள் குறைவு. பாகம் குறைந்தால் பழுதும் குறையும். இதற்கான பேடண்டுகள் 1897 ஏப்ரலில் அவருக்குக் கிடைத்தன. 1900-இல் கோல்ட் கம்பெனி இந்த முறையில் தன் முதல் தானியங்கிக் கைத்துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கடல் தாண்டிய உறவு

ஐரோப்பாவில் பெல்ஜியம் நாட்டில் லியேஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்டால் என்ற ஊரில் எஃப்.என். என்ற ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. 1889-இல் தொடங்கியது. நல்ல இயந்திரங்கள் உண்டு. போதிய வேலை இல்லை. அதன் பிரதிநிதி ஒருவர் அமெரிக்கா போனபோது பிரவுனிங்கின் சிறிய கைத்துப்பாக்கியைப் பற்றி அறிந்தார். 1897 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

அந்தத் துப்பாக்கி ஐரோப்பாவில் அமோகமாக விற்றது. பிரெஞ்சு பேசும் மக்கள் எந்தத் தானியங்கிக் கைத்துப்பாக்கியையும் பிரவுனிங் என்றே அழைக்கத் தொடங்கினார்கள்! ஆலைத் தொழிலாளர்கள் அவரைத் தங்கள் மொழியில் ஆசான் என்ற பொருள்படும் பெயரிட்டு அழைத்தார்கள். அவரும் நடுத்தர வயதில் பிரெஞ்சு கற்றுக்கொண்டார்.

வாசலில் காத்திருந்த வேளை

1902-இல் ஒரு திருப்பம் ஏற்பட்டது.

பிரவுனிங் தானே நிரப்பிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைச் செய்திருந்தார். பெரும் உழைப்பு, பலவித தோட்டாக்களுக்கும் ஈடு கொடுக்க வேண்டிய கடினமான வேலை. இதை ஒரே தொகைக்கு விற்க அவருக்கு மனம் வரவில்லை. விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்டார்.

பழைய நண்பர் பென்னெட் மறுத்துவிட்டார். ஒருவருக்குப் பங்கு கொடுத்தால் வழக்கமாகிவிடும் என்பது கம்பெனியின் கணக்கு. பத்தொன்பது ஆண்டு உறவு முறிந்தது.

பிரவுனிங் மாதிரியை எடுத்துக்கொண்டு ரெமிங்டன் கம்பெனிக்குப் போனார். தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைச் சந்திக்க வெளியே காத்திருந்தார். நேரம் கடந்தது. கடைசியில் செய்தி வந்தது: ஹார்ட்லி மாரடைப்பால் அன்று இறந்துவிட்டார்! அது 1902 ஜனவரி 8.

பிரவுனிங் ஊர் திரும்பவில்லை. கப்பலேறி பெல்ஜியம் போனார். எஃப்.என். ஆலை அவர் கேட்ட நிபந்தனையை ஏற்றது. 10,000 துப்பாக்கிகளுக்கு அவரே ஆர்டரும் கொடுத்தார். ஆட்டோ-5 என்று பெயர் பெற்ற அந்தத் துப்பாக்கி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் விற்பனையில் இருந்தது. ரெமிங்டன் கம்பெனியும் பின்னர் உரிமத்தின் பேரில் அதைத் தயாரித்தது.

சுட்டும் விழாத எதிரி

இதற்கிடையில் அமெரிக்க ராணுவம் பிலிப்பைன்ஸ் தீவுகளில் மோரோ வீரர்களோடு போரிட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்க அதிகாரிகள் கையில் இருந்தது 0.38 அங்குல ரிவால்வர். பல குண்டுகள் பாய்ந்த பிறகும் மோரோ வீரர்கள் வாளோடு வந்து தாக்கினார்கள். 1904-இல் தாம்சன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகள் சோதனை நடத்தி, 0.45 அங்குலத்துக்குக் குறையாத குண்டு வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள்.

1907-இல் போட்டி தொடங்கியது. ஜெர்மனியின் லூகர் உட்படப் பல துப்பாக்கிகள் வந்தன. கடைசியில் களத்தில் நின்றவை இரண்டு. ஒன்று சாவேஜ் கம்பெனியுடையது. மற்றது கோல்ட் கம்பெனிக்காகப் பிரவுனிங் செய்தது.

முதல் மாதிரிகள் குறையில்லாதவை என்று சொல்ல முடியாது. சோதனைகளில் சிக்கின, பாகங்கள் உடைந்தன. குதிரைப்படையினர் கூடுதல் பாதுகாப்புக் கேட்டார்கள். குதிரை துள்ளும்போது தவறி வெடித்தால் சவாரி செய்பவனுக்கே ஆபத்து. பழைய மாதிரிகளில் மேற்கூட்டைப் பின்புறமிருந்து மாட்டி, முன்னால் ஒரு சிறு ஆப்பினால் நிறுத்தியிருந்தார்கள். அந்த ஆப்பு கழன்றால் கூடு சுடுபவர் முகத்தை நோக்கியே வரும்.

பிரவுனிங் ஒவ்வொன்றாகத் திருத்தினார். மேற்கூட்டை முன்புறமிருந்து மாட்டும்படி மாற்றினார். இனி அது பின்னால் கழன்று பறக்க வழியில்லை. குழலைத் தாங்கிய இரண்டு இணைப்புகளை ஒன்றாக்கினார். கைப்பிடியின் பின்புறம் ஒரு தகடு வைத்தார். அதை உள்ளங்கை அழுத்தினாலன்றித் துப்பாக்கி வெடிக்காது. எந்தக் கருவியும் இல்லாமல் களத்திலேயே அவிழ்த்துத் துடைக்கும்படி அமைத்தார்.

மண்ணிலும் அமிலத்திலும்

கடைசிச் சோதனைக்கு முன் பிரவுனிங் ஹார்ட்ஃபோர்டில் இருந்த கோல்ட் ஆலைக்கே போய்விட்டார். ஃபிரெட் மூர் என்ற இளம் ஊழியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சோதனைத் துப்பாக்கியின் ஒவ்வொரு பாகமும் கடையப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். அப்போது அவருக்கு 56 வயது; பணமும் புகழும் போதிய அளவு சேர்ந்திருந்தன. என்றாலும் பட்டறைக்காரர் தன் பாகத்தைப் பிறர் கையில் விடத் தயாராக இல்லை.

1911 மார்ச் மாதம் சோதனை நடந்தது. ஒவ்வொரு துப்பாக்கியும் 6,000 தோட்டா சுட வேண்டும். நூறு தோட்டா சுட்டதும் ஐந்து நிமிடம் ஆற விடுவார்கள். ஆயிரம் முடிந்ததும் துடைத்து எண்ணெய் போடுவார்கள். மறுபடி நூறு, மறுபடி ஆயிரம்.

6,000 முடிந்தும் விடவில்லை. வேண்டுமென்றே நசுக்கிய தோட்டாக்களைப் போட்டுச் சுட்டார்கள். புழுதியில் புரட்டினார்கள். சேற்றில் அமிழ்த்தினார்கள். அமிலத்தில் நனைத்துத் துருப்பிடிக்க விட்டுச் சுட்டார்கள்.

சாவேஜ் துப்பாக்கி 37 முறை பழுதாயிற்று. பிரவுனிங்கின் துப்பாக்கி ஒரு முறைகூடப் பழுதாகவில்லை!

மார்ச் 29-ஆம் தேதி அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. எம்-1911 என்று அதற்குப் பெயர். இரண்டு உலகப் போர்கள், கொரியப் போர், வியட்நாம் போர் எல்லாவற்றிலும் அது சென்றது. ராணுவத்துக்காக மட்டும் 25 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1985-இல் வேறு துப்பாக்கி அதன் இடத்தைப் பிடிக்கும் வரை, எழுபத்து நான்கு ஆண்டுகள் அமெரிக்கப் படையின் கைத்துப்பாக்கியாக அதுவே இருந்தது.

மணியாச்சியும் சரயேவோவும்

துப்பாக்கி தன் எஜமானரைத் தேர்ந்தெடுப்பதில்லை.

ஸ்பிரிங்ஃபீல்டில் சோதனை முடிந்து மூன்றே மாதத்தில், 1911 ஜூன் 17 அன்று, தமிழ்நாட்டில் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அதே இடத்தில் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. ஆக்டன் பட்டறையில் பிறந்த யோசனை கப்பலேறி வந்து, தென்னாட்டு விடுதலை வரலாற்றிலும் ஓர் ஏட்டைப் பிடித்துக்கொண்டது.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1914 ஜனவரியில் எஃப்.என். ஆலை, பத்து இலட்சம் பிரவுனிங் கைத்துப்பாக்கிகள் செய்து முடித்ததைப் பெரும் விருந்து வைத்துக் கொண்டாடியது. பெல்ஜிய அரசர் ஆல்பர்ட் அவருக்கு விருது வழங்கினார்.

அதே ஆண்டு ஜூன் 28. சரயேவோ நகரில் கவ்ரிலோ பிரின்சிப் என்ற இளைஞன் ஆஸ்திரிய இளவரசர் பெர்டினாண்டையும் அவர் மனைவியையும் சுட்டுக் கொன்றான். அதுவும் எஃப்.என். ஆலையில் செய்த பிரவுனிங்! அந்தச் சாவுகளைத் தொடர்ந்து மூண்டது முதல் உலகப் போர். விருந்து நடந்த பெல்ஜிய மண்ணை ஆகஸ்டில் ஜெர்மன் படை மிதித்தது.

48 நிமிடம், 12 விநாடி

1917 ஏப்ரலில் அமெரிக்காவும் போரில் இறங்கியது. அப்போது அதனிடம் இயந்திரத் துப்பாக்கிகள் மிகக் குறைவு. பிரவுனிங் ஏற்கெனவே இரண்டு ஆயுதங்களைத் தயாராக வைத்திருந்தார்.

மே மாதச் சோதனையில் அவருடைய இயந்திரத் துப்பாக்கி 20,000 தோட்டாக்களைத் தடையின்றிச் சுட்டது. மேலும் 20,000 சுட்டார்கள். ஒரே ஒரு பாகம் மட்டும் உடைந்தது. சோதனைக்கென்று தனியாகச் செய்த துப்பாக்கியோ என்று யாரும் சந்தேகப்பட்டுவிடக் கூடாதே! இரண்டாவது துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார் பிரவுனிங். அது 48 நிமிடம் 12 விநாடி ஓயாமல் சுட்டது. தோட்டா 21,000-க்கு மேல்.

உரிமைத் தொகை பேச அரசாங்கம் அழைத்தது. பங்கு முறையில் கணக்குப் பார்த்தால் பல மடங்கு வர வேண்டிய இடத்தில், மொத்தமாக 7,50,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். ஒரு பங்குக்காகப் பத்தொன்பது ஆண்டு உறவை முறித்துக்கொண்ட அதே மனிதர், இந்த முறை பேரம் பேசாமல் சம்மதித்தார். பணத்தில் விட்டுக்கொடுத்துவிட்டோமே என்று தம்பி மாத்யூ தயங்கியபோது, வயது குறைவாக இருந்தால் நாமே சேற்றுப் பதுங்குகுழியில் கிடந்திருப்போமே என்று சமாதானம் சொன்னாராம்.

அவர் மகன் வால், ராணுவ லெப்டினன்டாகப் பிரான்சுக்குப் போனார். 1918 செப்டம்பரில் தந்தையின் ஆயுதத்தைப் போர்க்களத்தில் இயக்கிக் காட்டினார். தந்தை செய்த கருவி சிக்கினால் மகன் உயிருக்கே ஆபத்து என்ற நிலை. கருவி சிக்கவில்லை.

மகனின் அறையில்

போருக்குப் பிறகும் பிரவுனிங் ஓய்வு எடுக்கவில்லை. 1923-இல் உடன்பிறந்த துணையாக இருந்த மாத்யூ இறந்தார். அதே ஆண்டு, அதிகத் தோட்டா கொள்ளும் புதிய கைத்துப்பாக்கி ஒன்றுக்குப் பேடண்டு கேட்டு விண்ணப்பித்தார்.

1926 நவம்பரில் மறுபடியும் பெல்ஜியம் போயிருந்தார். மகன் வால் அப்போது எஃப்.என். ஆலையில் பொறுப்பில் இருந்தார். 26-ஆம் தேதி வழக்கம்போல் வேலைக்கு வந்தவருக்கு நெஞ்சு வலித்தது. மகனின் அறையில் படுக்க வைத்தார்கள். அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 71.

லியேஜ் ஆலைத் தொழிலாளர்கள் மரியாதை செலுத்தினார்கள். உடல் கடல் கடந்து ஊர் வந்து, ஆக்டன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

கடைசிக் கைத்துப்பாக்கிக்கான பேடண்டு 1927 பிப்ரவரியில் வந்தது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை. எஃப்.என். ஆலையில் அவருடன் வேலை பார்த்த தியுதோனே செவ் அதைத் திருத்தி முடித்தார். தோட்டாக்களை இரட்டை வரிசையில் அடுக்கி 13 கொள்ளும்படி செய்த மேகசின் அவருடைய கைவண்ணம். 1935-இல் அது வெளிவந்தது. ஐந்தே ஆண்டில் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தது. ஆலையில் ஜெர்மானியருக்காக அந்தத் துப்பாக்கியைச் செய்தார்கள். கனடாவின் டொரன்டோ நகரில் நேச நாடுகளுக்காக அதையே செய்தார்கள். ஒரே போரில் இரண்டு பக்கமும் ஒரே மனிதரின் துப்பாக்கி!

அதே அமைப்பு நம் நாட்டுக்கும் வந்தது. கல்கத்தாவை அடுத்த இஷாப்பூர் ரைபிள் ஆலை, கனடா மாதிரியை ஒட்டி 9 மி.மீ. தானியங்கிக் கைத்துப்பாக்கியைத் தயாரித்தது. நம் ராணுவ அதிகாரிகளின் இடுப்பில் பல்லாண்டு காலம் இருந்தது அதுதான்.

துப்பாக்கி பழகுபவர்களுக்கு இன்றும் சொல்லித் தரும் பாடங்களில் ஒன்று, அது சிக்கினால் எப்படி விடுவிப்பது என்பது. மேகசின் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தோட்டா நல்லதா, எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று வரிசையாகப் பார்க்கப் பழக்குகிறார்கள். ஆக்டன் பட்டறையில் பழைய இரும்புக் குவியலுக்கு முன் உட்கார்ந்து, இது ஏன் உடைந்தது என்று சிறுவன் ஜான் பார்த்த பாடமும் அதுவே.